கீழமடைக்குப் போட்ட பூஜ்யம்

வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்லையான்னு கேட்டீங்க. கேக்க வேண்டியதுதான். வீடு பாக்க வர்றவங்க எல்லாருமே கேக்கறாங்க. அடுப்படிய எட்டிப் பாத்ததும் தெரிஞ்சிருது போல. உக்காருங்க சார். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. மாடி ரூமெல்லாம் அப்புறம் காட்டறேன்.

எங்க வீட்டம்மா இருக்கா. நல்லாத்தான் இருக்கா. இதே ஊர்லதான் இருக்கா. இந்த வீட்டுல இல்ல, அவ்வளவுதான். நீங்க ஊருக்குப் புதுசு. நாளைக்கு டீக்கடையில எவனாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லுவான். அதுக்கு நானே சொல்லிடறது நல்லது. தப்பா எதுவும் இல்ல. வேற பொம்பள, குடி, அந்த மாதிரி எதுவும் கிடையாது. ஒரு சிகரெட் கூடப் பிடிச்சதில்ல நான். எல்லாம் ஒரு கம்ப்யூட்டரால வந்தது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

நான் நகராட்சியில இன்ஜினியர். குடிநீர்ப் பிரிவு. ஞானசம்பந்தம்னு பேரு, ஆபீஸ்ல சம்பந்தம் சார்ம்பாங்க. இந்த ஊரு குழாயெல்லாம் எங்க தாத்தா காலத்துல போட்டது. எது எங்க போகுது, எங்க திரும்புது, எது எதோட சேருதுன்னு ஒருத்தனுக்கும் முழுசாத் தெரியாது. மேலிடத்துல இருந்து என்னைய ஒரு பயிற்சிக்கு அனுப்பினாங்க. சிமுலேஷன். அதாவது ஊர்ல ஓடற தண்ணி மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள ஓட விட்டுப் பாக்கறது. நிஜத்துல ஒரு வால்வ மூடறதுக்கு முன்னாடி அதுக்குள்ள மூடிப் பாக்கலாம். ஊருக்குத் தண்ணி எடுக்கற ஆத்துக் கிணத்துல ஒரு அசுத்தம் கலந்துச்சுன்னு வெச்சுக்குங்க, அது எந்த நேரத்துக்கு எந்தத் தெருவுக்குப் போய்ச் சேரும், எத்தனை பேர் குடிப்பாங்க, எந்த வால்வ மூடி எந்தப் பக்கம் வெளிய தள்ளினா சேதம் கம்மி, எல்லாம் சொல்லும்.

மத்த ஊர்லேருந்து வந்தவங்க சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போய்ட்டாங்க. நான் அப்படி விடல. ரெண்டு வருஷத்துக்கு மேல உக்காந்தேன் சார். ஒவ்வொரு குழாயா, ஒவ்வொரு வளைவா உள்ள ஏத்தினேன். ஞாயித்துக்கிழமை கூட சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போயி வால்வு மூடிய தொறந்து பாத்து, அளவெடுத்து, வந்து போட்டேன். இந்த ஊரையே அதுக்குள்ள கொண்டு வந்தேன். பச்சைக் கோடு, நீலக் கோடு, திரையில தண்ணி நகர்றது தெரியும். ஊரு உயிரோட இருக்கற மாதிரி இருக்கும். பாக்கறதுக்கே ஒரு இது.

பூங்கோதைக்கு அதுல இஷ்டம் கிடையாது. பூங்கோதைதான் எங்க வீட்டம்மா. டீச்சர். ரயில்வே கேட்டத் தாண்டிப் போனா கீழமடைன்னு ஒரு காலனி இருக்கு, அங்க ஆரம்பப் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர். ஹெட்மாஸ்டர்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ரெண்டே டீச்சர். ஆனா அவ அந்தப் பள்ளிக்கூடத்த விட்டு வரவே மாட்டா. டவுன் ஸ்கூலுக்கு மாத்தித் தர்றேன்னு ஒருத்தர் வந்தே கேட்டாரு, வேண்டாம்னுட்டா.

கீழமடை பள்ளம். நம்ம நகராட்சித் துப்புரவு ஆளுங்க, சூளை வேலைக்குப் போறவங்க, அந்த மாதிரி ஜனங்க. நான் வித்தியாசம் பாக்கறவன் இல்ல சார். அங்க எத்தனையோ கல்யாணத்துக்குப் பூங்கோதைகிட்ட மொய் குடுத்து அனுப்பியிருக்கேன். நான் போனதில்ல. நேரம் அமையல.

ஒரு நாள் நான் இங்க, இதே டேபிள்ல, லேப்டாப் வெச்சு வேலை பாத்துக்கிட்டிருக்கேன். காபியக் கொண்டாந்து வெச்சவ நின்னு பாத்தா. "இதுல எங்க ஸ்கூல் எங்க இருக்கு?"ன்னு கேட்டா. அவ அதுல ஒண்ணக் கேட்டதே எனக்கு சந்தோஷம். கோடு கடைசியில போய் முடியற எடத்துல ஒரு புள்ளி இருக்கும், அதக் காட்டினேன். "இதான் கீழமடை."

"பக்கத்துல என்னமோ பூஜ்யம்னு போட்டிருக்கு?"

"எத்தனை பேர் தண்ணி எடுக்கறாங்கன்னு அர்த்தம்."

"பூஜ்யமா? அங்க அத்தனை வீடு இருக்கே."

நான் விளக்கினேன். வீட்டு இணைப்பு இருந்தாத்தான் கணக்குல வரும். அங்க இருக்கறது பொதுக்குழாய். அதுவும் எப்பவோ ஒரு கவுன்சிலர் தேர்தல் நேரத்துல போட்டுக் குடுத்தது, அனுமதி வாங்காம. வரி கிடையாது, நம்பர் கிடையாது. இருக்கற ரெக்கார்டுல இருந்துதானே நான் ஏத்த முடியும். "சர்வே எடுக்கும்போது சேத்துக்கலாம்"னேன். அதுக்கு அவ, "நான் வேணும்னா எண்ணித் தர்றேனே, எனக்கு எல்லா வீடும் தெரியும்"னா. நல்ல மனசுதான். ஆனா அது எப்படி சார் சரியா வரும்? ஒரு டீச்சர் வாய்க்கணக்கா சொல்றத அரசாங்க மாடல்ல போட முடியுமா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா என்னன்னு சொல்றது?

அத விடுங்க.

பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி வேணும்னு அவ என்னைய ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருந்தா. கடைக்கோடி பாருங்க, அங்க போறதுக்குள்ள அழுத்தம் போயிரும். குழாய்ல சொட்டுச் சொட்டா வரும். புள்ளைங்க வீட்டுல இருந்து பாட்டில் கொண்டு வரும், மத்தியானத்துக்குள்ள தீந்துரும். "ஊருக்கே தண்ணி விடறீங்க, எம் புள்ளைங்களுக்கு ஒரு டம்ளர் விடக்கூடாதா?"ன்னு கேப்பா. எம் புள்ளைங்கன்னுதான் சொல்லுவா. எங்களுக்குக் குழந்தை இல்ல சார். இருந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதோ என்னவோ.

போன வருஷம் ஐப்பசி மழை. நீங்க பேப்பர்ல பாத்திருக்க மாட்டீங்க, எங்க ஊர் எடிஷன்லதான் வந்துச்சு. செப்டிக் டேங்க் கழிவு அள்ளற லாரிக்காரனுங்க, தூரமாப் போய்க் கொட்டறதுக்கு சோம்பல்பட்டு, ஆத்துல நம்ம கிணத்துக்கு மேற்கால கொண்டாந்து கொட்டியிருக்கானுங்க. ஒரு லாரி இல்ல, மழைக்கு வசதியா வரிசையா கொட்டியிருக்கானுங்க. அது கிணத்துல எறங்கி, மோட்டார்ல ஏறி, பெரிய தொட்டிக்கும் போயிருச்சு. காலையில லேப்ல பாத்த பொண்ணு போன் பண்ணுச்சு. தொட்டியில இருந்தத அங்கேயே தொறந்து விட்டாச்சு. ஆனா கொஞ்சம் குழாய்க்குள்ள எறங்கிருச்சு. அதான் ஆபத்து. அது மெயின் லைன்ல நிக்குது. அத நல்ல தண்ணி விட்டுத் தள்ளி, ஏதாவது ஒரு கடைசியில வெளிய விட்டாகணும். எந்தக் கடைசின்னுதான் கேள்வி.

கமிஷனர் ரூம்ல எல்லாரும் கூடிட்டாங்க. கமிஷனர் சின்ன வயசு அம்மா, கெட்டிக்காரங்க. சுகாதார அலுவலர் டாக்டர் ஒருத்தர், இன்னும் ரெண்டு மூணு பேரு. எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க. சார், இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என்னைய அப்படி ஒருத்தரும் பாத்ததில்ல. லேப்டாப்ப மாட்டி செவுத்துல படமா விட்டேன்.

ஒவ்வொரு வழியா ஓட்டிக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளினா இத்தனை ஆயிரம் பேரு. பெரிய கோயில் பக்கம்னா அதவிட ஜாஸ்தி. இந்தத் தெரு வழியாவும் ஒரு வழி இருக்கு, அதுலயும் பாதிப்பு காட்டுச்சு. கடைசியா கீழமடை வழி. அந்த லைன் முடியற எடத்துல குழாயக் கழுவி விடறதுக்குன்னே ஒரு வால்வு இருக்கு, அதத் தொறந்தா வாய்க்கால்ல போய் விழுந்துரும். ஓட்டினேன். பாதிக்கப்படுவோர்னு ஒரு கட்டம் வரும். அதுல பூஜ்யம்னு வந்துச்சு.

அந்த ரூம்ல ஒருத்தர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு. கமிஷனரம்மா, "நிஜமாவே யாருக்கும் பாதிப்பில்லையா?"ன்னாங்க. "கணக்குப்படி இல்ல மேடம்"னேன்.

டாக்டர்தான் இழுத்தாரு. "ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட ஒரு காலனி இருக்கே."

"அங்க இணைப்பு கிடையாது சார்"னேன்.

நான் சொன்னதுல பொய் இருக்கா சொல்லுங்க. இணைப்பு கிடையாதுதான். பொதுக்குழாய் இருக்கு. பொதுக்குழாய் இணைப்புல வராது. இது அந்த டாக்டருக்கும் தெரிஞ்சிருக்கணும். அவரு தலைய ஆட்டிட்டாரு. விசாரணையில, "இன்ஜினியர் சொன்னாரு, நம்பினேன்"னு எழுதிக் குடுத்திருக்காரு. எவ்வளவு படிச்ச மனுஷன்.

மத்த வழி வால்வெல்லாம் மூடி, கீழமடை வால்வத் தொறக்கச் சொல்லி உத்தரவு போட்டாச்சு. எந்தெந்தத் தெருவுக்கு எச்சரிக்கை குடுக்கணும்னு கம்ப்யூட்டரே குடுத்துச்சு. மைக் கட்டின ஆட்டோ அந்தத் தெருவுக்கெல்லாம் போச்சு. குழாய்த் தண்ணியக் குடிக்காதீங்க, சமைக்காதீங்கன்னு. இந்தத் தெருவுக்கும் வந்துச்சு. எதிர்வீட்டு வக்கீல் எனக்கு போன் பண்ணி, "சம்பந்தம், நீங்க இருக்கறதால நாங்க பயமில்லாம இருக்கோம்"னாரு. அவங்கெல்லாம் ஒரு வாரத்துக்குக் கேன் தண்ணி வாங்கிக்கிட்டாங்க.

கீழமடைக்கு ஆட்டோ போகல. லிஸ்ட்ல இல்ல.

அன்னைக்குப் பூங்கோதை எனக்கு போன் பண்ணினா. பள்ளிக்கூட நேரத்துல அவ பண்ணவே மாட்டா. நான் கமிஷனர் ரூம்லதான் இருக்கேன், எடுக்கக் கூடாதுதான், இருந்தாலும் எடுத்தேன். பின்னாடி ஒரே சத்தம். குடம் உருள்ற சத்தம், ஜனங்க பேசற சத்தம், புள்ளைங்க கத்தறது.

"ஏங்க, நீங்கதான் விடச் சொன்னீங்களா?"ன்னா.

"என்னது?"

"தண்ணிங்க. என்ன வேகமா வருது தெரியுமா? குழாய் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி வருது. மொதல்ல கொஞ்சம் கலங்கலா வந்துச்சு, மழைத்தண்ணின்னு விட்டுட்டோம். இப்ப தெளிஞ்சு வருது. ஸ்கூல் டேங்க் நெறைஞ்சு வழியுதுங்க. எல்லாப் புள்ளைங்க பாட்டிலையும் நெறைச்சாச்சு."

கமிஷனரம்மா என்னையப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நான், "சரி சரி, அப்புறம் பேசறேன்"னு சொன்னேன்.

"ரொம்ப நன்றிங்க"ன்னா.

வெச்சுட்டேன். மீட்டிங்ல என்ன சார் பேச முடியும்? யோசிக்க ஏது நேரம்? ஊர் மொத்தமும் என் தலை மேல இருக்கு. ஒரு எடத்துல அழுத்தம் குறைஞ்சா மறுபடி உள்ள இழுக்கும், அதப் பாக்கணும். வீட்டம்மா போன் பண்ணினான்னா, வீட்டு விஷயம்னுதான் மனசு போகும். யாருக்கா இருந்தாலும் அப்படித்தான்.

சாயங்காலம் மெயின் லைன் சுத்தமாயிருச்சுன்னு லேப்ல சொன்னாங்க. கமிஷனரம்மா எழுந்து வந்து கை குடுத்தாங்க. டவுன்ல ஒருத்தருக்குக் கூட ஒண்ணும் ஆகல சார். ஒருத்தருக்குக் கூட. அத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. கம்ப்யூட்டர் சொன்னது சரிதான். சொன்னபடியே நடந்துச்சு.

அதுக்கப்புறம் கீழமடையில வயித்தால போகுதுன்னு சொன்னாங்க. மொதல்ல ரெண்டு பேரு, அப்புறம் வீட்டுக்கு வீடு. பெரியாஸ்பத்திரியில எடம் பத்தாம வராந்தாவுல பாய் போட்டுப் படுக்க வெச்சாங்க. தண்ணிதான் காரணம்னு எடுத்தவுடனே எப்படிச் சொல்ல முடியும்? அங்க வாய்க்கால் பொழக்கமும் உண்டு. நான் அப்பவே சொன்னேன், சாம்பிள் எடுங்கன்னு. எடுத்தாங்க. சரி, தண்ணிதான்.

இறந்தது மூணோ நாலோ பேரு. ஒரு தடவ நான் இப்படி மூணோ நாலோன்னு சொன்னதுக்குத்தான் பூங்கோதை மொத மொதல்ல கோவப்பட்டா. கோவம்னா கத்தல. பேரு சொன்னா. "கௌசிகா. நாலாங்கிளாஸ். அவ தம்பி நித்திஷ், பால்வாடி. சூளைக்குப் போற மரியசெல்வம், அவரு சம்சாரம் மாசமா இருக்கு. அப்புறம் நம்ம ஸ்கூல்ல சத்துணவு ஆக்கற அஞ்சலையம்மா." இப்படி ஒவ்வொண்ணா. கேட்டுட்டு நான், "சரி, பாவம்தான்"னேன். வேற என்ன சொல்றது?

அஞ்சலையம்மா அன்னைக்கு அந்தத் தண்ணியிலதான் ஆக்கியிருக்கு. கொதிச்ச சோத்துல ஒண்ணும் இருந்திருக்காது. ஆனா மோருக்குப் பச்சைத் தண்ணி ஊத்தியிருக்கு. பூங்கோதையும் குடிச்சிருக்கா. அவளுக்கும் வந்துச்சு, ரெண்டு நாள் படுத்தா, எழுந்துட்டா. எழுந்தது அவளுக்குப் பெரிய குறையாப் போச்சு. அப்படித்தான் எனக்குத் தோணுது.

ஆஸ்பத்திரிலேருந்து நேரா பள்ளிக்கூடம் போவா, அங்கேருந்து சாவு வீட்டுக்குப் போவா. வீட்டுக்கு வந்தா பேச மாட்டா. நானும் தொந்தரவு பண்ணல. எனக்கும் விசாரணை ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் வந்தா. குளிச்சிட்டு வந்து இங்க, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தா. "அன்னைக்கு நடந்தத அதுல மறுபடி பாக்க முடியுமா?"ன்னு கேட்டா.

"தாராளமா. எல்லாம் சேவ் ஆகியிருக்கு"ன்னேன்.

எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு சார். இத்தனை நாள் கழிச்சு எங்கிட்ட வந்து உக்காந்து கேக்கறா. பாத்தா அவளுக்கே புரிஞ்சிரும்னு நினைச்சேன், நான் எவ்வளவு யோசிச்சுச் செஞ்சேன்னு. ஓட விட்டேன். அசுத்தம் செகப்பு நெறத்துல வரும். தொட்டிக்கிட்ட ஆரம்பிக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் தலையக் காட்டும், அங்க வால்வ மூடினதும் நின்னுரும். "பாரு, இங்க தடுத்துட்டோம்"னேன். கோயில் பக்கம் போகும், நின்னுரும். நம்ம தெரு வாசல் வரைக்கும் வரும், நின்னுரும். அப்புறம் ரயில்வே கேட்டத் தாண்டி, அந்த ஒத்தக் கோட்டுல, நேரா கீழமடைக்குப் போகும். அவ கண்ணு சிமிட்டல.

செகப்பு அந்தக் கடைசிப் புள்ளியத் தொட்டுச்சு. "நிறுத்துங்க"ன்னா.

நிறுத்தினேன்.

"இப்ப இதுல மணி என்ன காட்டுது?"

மூலையில இருக்கும், சொன்னேன்.

அவ தன் போன எடுத்தா. அன்னைக்கு என்னையக் கூப்பிட்ட நேரம் அதுல இருக்கு பாருங்க. அதத் தேடி எடுத்து லேப்டாப் பக்கத்துல வெச்சா. ரெண்டையும் பாத்தா. தான் கூப்பிட்டப்ப செகப்பு அங்க வந்து சேந்திருச்சான்னு கேட்டா. வந்து கொஞ்ச நேரம் ஆயிருச்சுன்னேன். பொய் சொல்ல முடியுமா, திரையிலதான் இருக்கே.

"அப்ப நான் பேசினப்ப இது உங்க கண்ணு முன்னாடி செவுத்துல ஓடிக்கிட்டிருந்துச்சு."

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எனக்கு எங்க தெரிஞ்சுச்சு? கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுச்சு"ன்னேன்.

நான் என்ன சார் தப்பாச் சொல்லிட்டேன்? அதான உண்மை. நான் பாத்துக்கிட்டிருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம். ஆள் இருக்கற எடத்தத்தானே பாப்போம்?

அதுக்கு அவ, "நான்தாங்க குடிங்கன்னு சொன்னேன். கௌசிகா வேணாம் டீச்சர், ஒரு மாதிரி வாடை வருதுன்னுச்சு. எங்க வீட்டுக்காரர் விட்ட தண்ணிடி, குடின்னு சொன்னேன்"னா. அழுகையே இல்ல. பாடம் நடத்தற மாதிரி சொன்னா.

நான், "நீ என்ன பண்ணுவ, உனக்குத் தெரியாதுல்ல"ன்னு ஆறுதல் சொன்னேன். அதுக்கு என்னைய ஒரு பார்வை பாத்தா பாருங்க. அதோட சரி. மறுநாள் ஒரு பெட்டியும் ரெண்டு பையுமா கெளம்பிட்டா. மாமியார் வீட்டுல மனஸ்தாபம்னா ஒரு பொம்பள பொறந்த வீட்டுக்குப் போவா. இவ கீழமடைக்குப் போனா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஓட்டு வீடு ஒண்ணு, அதுல இருக்கா. நான் ரெண்டு தடவ ஆள் அனுப்பினேன். ஒரு தடவ நானே போனேன். ரயில்வே கேட் வரைக்கும் போனேன். அந்தப் பக்கம் ஜனங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் திரும்பிட்டேன்.

விசாரணையில என் மேல ஒண்ணும் வரல சார். அது முக்கியம். நீங்க ஆபீஸ்ல யார வேணும்னாலும் கேட்டுக்கலாம். நடைமுறைப்படிதான் எல்லாம் நடந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அங்கீகாரம் இல்லாத குழாய்ல தண்ணி புடிச்சதாலதான் பாதிப்புன்னு எழுதியிருக்காங்க. கீழமடைக்குக் கைப்பம்பு போட சிபாரிசு பண்ணியிருக்காங்க. ஊர் மொத்தத்தையும் சிமுலேஷன் வெச்சுக் காப்பாத்தின மொத நகராட்சின்னு மாவட்டக் கூட்டத்துல எம் பேரச் சொல்லிக் கை தட்டினாங்க. இப்ப பக்கத்துல அஞ்சு ஊருக்கு இதையே பண்ணித் தரணும்னு என்னைய மாவட்டத் தலைநகருக்குப் போடறாங்க. அதான் வீட்ட வாடகைக்கு விடறேன். இல்லேன்னா இந்த வீட்ட விட மனசு வருமா?

அவளையும் வான்னு சொல்லிப் பாத்தேன். போன் எடுக்க மாட்டேங்கறா. அவளோட வேலை பாக்கற இன்னொரு டீச்சர் ரேஷன் கடையில என்னையப் பாத்துட்டு நின்னு சொன்னாங்க. கைப்பம்பு இன்னும் வரலையாம், அதே குழாய்தான் ஓடுதாம். தெனம் காலையில குழாயத் தொறந்ததும் இவ மொதல்ல ஒரு டம்ளர் புடிச்சுக் குடிக்கறாளாம். குடிச்சிட்டு வகுப்புக்குப் போயிடறாளாம். மத்தியானம் வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகலேன்னாத்தான் டேங்க் குழாயத் தொறந்து புள்ளைங்கள விடறாளாம். அதுவரைக்கும் காய வெச்ச தண்ணி. எத்தனையோ பேர் சொல்லிட்டாங்களாம், கேக்க மாட்டேங்கறாளாம். "சாருக்குத் தெரியும்னு நினைச்சேன்"னாங்க அந்த டீச்சர். இதெல்லாம் எனக்கு யார் சொல்றா?

அதக் கேட்டதுக்கப்புறம் ஒரு நாள் லேப்டாப்ப எடுத்து வெச்சு உக்காந்தேன். சும்மா, ஒரு ஆர்வத்துலதான். பூங்கோதை எண்ணித் தர்றேன்னு சொன்னாளே, அவ மேஜை டிராயர்ல பள்ளிக்கூட சென்சஸ் எடுத்த காகிதம் கிடந்துச்சு. அந்த ஆள் கணக்க கீழமடைப் புள்ளியில போட்டேன். போட்டு மறுபடி ஓட்டினேன். அதே ஐப்பசி, அதே லாரி, அதே தண்ணி.

இப்ப வேற வழி காட்டுது சார். இந்தத் தெருவக் காட்டுது. ஏன்னா இங்க வீடெல்லாம் பெருசு, ஆள் கம்மி. புள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல, வீட்டுக்கு வீடு ரெண்டு கெழடுங்கதான். அந்த மூலையில பார்க் பக்கத்துல ஒரு இரும்பு மூடி இருக்கும் பாருங்க, அதுவும் குழாய் கழுவி விடற வால்வுதான். அதத் தொறந்து விடுங்கன்னு வருது. ரெண்டு மூணு தடவ ஓட்டிப் பாத்தேன். அப்படியேதான் வருது.

என்ன, எழுந்துட்டீங்க? உக்காருங்க. நான் சொல்ல வந்தத முழுசாக் கேளுங்க.

அது என் லேப்டாப்ல மட்டும்தான் இருக்கு. ஆபீஸ்ல ஓடறது பழசு. குடுக்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க, அனுமதி இல்லாத குழாய்க்கு நான் ஆள் கணக்கு போட்டுக் குடுத்தா, அந்தக் குழாய நானே அங்கீகரிச்ச மாதிரி ஆயிரும். அதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது. முறைப்படி சர்வே வரட்டும், கவுன்சில் தீர்மானம் போடட்டும், அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் கீழமடை பூஜ்யம்தான். இந்த வருஷமும் மழை முன்னாடியே புடிச்சிருச்சு, லாரிக்காரனுங்களும் திருந்தின மாதிரி தெரியல. எது வந்தாலும் அந்தப் பக்கம்தான் போகும்.

கைக்குழந்தை இருக்குன்னு புரோக்கர் சொன்னாரு. தைரியமாக் கூட்டிக்கிட்டு வாங்க சார். இந்தத் தெருவுக்கு ஒண்ணும் வராது.